சில நாள் விலகியிருத்தல்: ஆன்மிக ரிட்ரீட், இயற்கைப் பயணம் பற்றி ஓர் அறிமுகம்

ஆன்மிக ரிட்ரீட் என்றாலே ஏதோ பெரிய அனுபவம் கிடைக்கும் இடம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மலைச்சரிவு, விடியற்காலை, கண்மூடி அமர்ந்திருக்கும் ஒருவர் என்று விளம்பரங்கள் காட்டுவதும் அதைத்தான். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே நடப்பது பெரும்பாலும் கழித்தல். பேச்சு போய்விடுகிறது. கைபேசி போய்விடுகிறது. யாருக்குப் பதில் அனுப்புவது, எந்தச் செய்தியைப் படிப்பது, அடுத்து எதை முடிப்பது என்று நாள் முழுக்க எடுத்துக்கொண்டிருந்த நூறு சின்ன முடிவுகளும் போய்விடுகின்றன. இவ்வளவும் போன பிறகு மிச்சம் இருப்பதைச் சில நாள் நேருக்கு நேர் பார்ப்பதற்கான ஏற்பாடுதான் ரிட்ரீட்.

சுற்றுலாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தொடங்குகிறது. சுற்றுலாவில் அன்றாடக் கவலை இருந்த இடத்தைப் புதிய காட்சிகளால் நிரப்பிக்கொள்கிறோம். அது உடம்புக்கும் மனத்துக்கும் நல்லது, அதில் குறை ஒன்றும் இல்லை. ரிட்ரீட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைக்கிறோம். அதனால்தான் நிம்மதியைத் தேடி முதல்முறை வருகிறவர்களில் பலர் இரண்டாம் நாளே திகைத்துப்போகிறார்கள்.

வடிவம் எதுவானாலும் மூன்று அம்சங்கள் இருக்கும். எத்தனை நாள் என்பது முன்பே தெரிந்திருக்கும். அந்த நாட்களில் எதெல்லாம் கிடையாது என்பதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கும். கிடைக்கும் வெற்றுநேரத்தில் மனம் பற்றிக்கொள்ள ஒரு பயிற்சியும் இருக்கும்: மூச்சைக் கவனிப்பது, பிரார்த்தனை, நீண்ட நடை, ஒரு மரத்தடியில் அசையாமல் இருப்பது, ஏதோ ஒன்று. காலவரை இல்லாவிட்டால் அது வாழ்க்கையை விட்டு ஓடுவதாக ஆகிவிடலாம். பயிற்சி இல்லாவிட்டால் பழைய கவலைகளையே புதிய இடத்தில் உட்கார்ந்து அசைபோட நேரிடும்.

தூரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845-இல் வால்டன் குளக்கரையில் குடிசை கட்டி, இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் வாழ்ந்தார். இயற்கையோடு தனித்து வாழ்வது என்றதும் உலகமே எடுத்துக்காட்டும் அந்தக் குடிசைக்கும் அவருடைய சொந்த ஊரான கான்கார்டுக்கும் இடையே மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அவர் அடிக்கடி ஊருக்குள் போய்வந்தார், விருந்தினரையும் வரவேற்றார். சிலர் இதைச் சொல்லி அவரைக் குறைத்துப் பேசுவதுண்டு. எனக்கு அது நம்பிக்கை தரும் செய்தியாகவே படுகிறது. விலகியிருக்க உலகத்தின் மறுகோடி வரை போக வேண்டியதில்லை.

நெடுங்காலமாக நடந்துவரும் காரியம்

இது இணையச் சோர்வுக்கு மருந்தாக நேற்று முளைத்த யோசனை இல்லை. பௌத்தத் துறவிகள் புத்தர் காலம் தொட்டு மழைக்காலத்தில் மூன்று மாதம் அலைவதை நிறுத்தி ஓரிடத்தில் தங்கிப் பயிற்சி செய்துவருகிறார்கள். எகிப்தில் வனத்து அந்தோணியார் என்ற ஆரம்பகாலக் கிறிஸ்தவத் துறவி பாலைவனத்தின் கைவிடப்பட்ட கோட்டை ஒன்றில் இருபது ஆண்டுக்காலம் தனித்திருந்து, பிறகு வெளியே வந்து மற்றவர்களுக்கு வழிகாட்டினார். கிறிஸ்தவத் துறவு மரபு பெரிய அளவில் வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இக்னேஷியஸ் லொயோலாவின் கதை இன்னும் நெருக்கமானது. 1521-இல் போரில் குண்டடிபட்டுக் காலொடிந்த ஸ்பானிய வீரர் அவர். மறு ஆண்டு மன்ரேசா என்ற ஊரில் ஏறக்குறைய பத்து மாதம் தங்கினார். பிரார்த்தனையும் தவமும் கடுமையான மனக்குழப்பமுமாகக் கழிந்த மாதங்கள் அவை. அங்கே தனக்குள் நடந்ததைக் குறித்துக்கொண்டே வந்தார். எந்த எண்ணம் வந்துபோன பின் மனம் அமைதியாக இருந்தது, எந்த எண்ணத்துக்குப் பின் வறண்டுபோனது என்று கவனித்தார். அந்தக் குறிப்புகளே பின்னாளில் முப்பது நாள் ஆன்மிகப் பயிற்சியாக உருவெடுத்தன. அவர் நிறுவிய கத்தோலிக்கத் துறவு அமைப்பான இயேசு சபையினர் இன்றும் அதை நடத்துகிறார்கள். தன் குழப்பத்தை மற்றவர்களுக்குப் பயன்படும் முறையாக மாற்றியவர் என்பதால் அவரைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

மௌனமாக உட்கார்தல்

இன்று அதிகம் பேர் அறிந்த வடிவம், விபாசனா என்ற பௌத்தத் தியான முறையைக் கற்பிக்கும் பத்து நாள் முகாம். பர்மாவில் பிறந்து வளர்ந்த எஸ்.என். கோயங்கா 1969-இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கிய இந்த முறை, இன்று உலகெங்கும் உள்ள மையங்களில் ஏறத்தாழ ஒரே மாதிரி நடக்கிறது. தொடக்கநிலையினருக்கு எதிர்பார்ப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். இரவு 9:30-க்கு விளக்கு அணையும். இடையில் ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானம். பேச்சு இல்லை, சைகையும் கண்ணால் பேசுவதும்கூட இல்லை. படிக்கவோ எழுதவோ கூடாது. ஆசிரியரிடம் பயிற்சி குறித்த சந்தேகம் கேட்கலாம், நிர்வாகியிடம் தேவைகளைச் சொல்லலாம், அவ்வளவுதான். முதல் மூன்று நாள் மூக்குத்துவாரத்தருகே மூச்சு வந்துபோவதை மட்டும் கவனிக்கிறார்கள். நான்காம் நாளிலிருந்து தலை முதல் கால் வரை உடம்பில் எழும் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். வலியோ சுகமோ, எது எழுந்தாலும் விரட்டாமலும் பிடித்துவைக்காமலும் இருப்பதே பயிற்சி. பத்தாம் நாள் மௌனம் கலைகிறது, பதினோராம் நாள் காலை எல்லோரும் கிளம்புகிறார்கள். கட்டணம் கிடையாது. முன்பு முகாமை முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் எல்லாம் நடக்கிறது.

உள்ளே என்ன நடக்கும்? முதலில் தூக்கம் தள்ளும். அன்றாட ஓட்டத்தில் எவ்வளவு களைத்திருந்தோம் என்பது அப்போதுதான் தெரியும். அடுத்து முழங்காலும் முதுகும் வலிக்கும். பிறகு சலிப்பு வரும். இந்தச் சலிப்பைத்தான் பலரும் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கழித்தல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத மனம், பத்து வருடத்துக்கு முன் யாரோ சொன்ன ஒரு சொல்லை எடுத்துவந்து முன்னால் வைக்கும். கோபம் வரும், அழுகையும் வரலாம். நாலைந்து நாள் கழித்து, எல்லோருக்கும் அல்ல, பலருக்கு, அந்தச் சொல் வந்தாலும் முன்போல் சுடுவதில்லை என்பது தெரியவரும். சத்தமில்லாமல் நடக்கும் மாற்றம் அது. பேரொளியையும் பேரானந்தத்தையும் எதிர்பார்த்து வந்தவர் இதைக் கவனிக்காமலேயே போய்விடக்கூடும்.

நடந்துகொண்டே இருத்தல்

உட்கார முடியாதவர்களுக்கு நடை இருக்கிறது. பிரெஞ்சு எல்லையிலுள்ள செயின்ட் ழான் பியே டி போர் என்ற ஊரில் தொடங்கி, பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்குப் போகும் யாத்திரைப் பாதை கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். நடந்துமுடிக்க ஐந்து வாரம் வரை ஆகும். முழுவதும் நடக்க முடியாதவர் கடைசி 100 கிலோமீட்டரை நடந்தாலும் யாத்திரைச் சான்றிதழ் கிடைக்கும். ஜப்பானின் ஷிகோக்கு தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் பாதை சுமார் 1,200 கிலோமீட்டர். அங்கே யாத்ரீகர் ஊன்றிப்போகும் தடியை, அந்தப் பாதையின் ஞானகுருவான பௌத்தத் துறவி கோபோ தைஷியாகவே மதிக்கிறார்கள். தனியாக நடந்தாலும் இருவர் நடப்பதாகவே கணக்கு.

நடையின் பலம் அதன் எளிமை. காலையில் எழுந்தால் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. தூக்கிச் செல்லும் ஒவ்வொரு பொருளும் எடையாகத் தோளில் இறங்குவதால், எது தேவை எது தேவையில்லை என்பதை உடம்பே சொல்லிவிடும். யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. மத நம்பிக்கை இல்லாதவர்களும் இந்தப் பாதைகளில் ஏராளமாக நடக்கிறார்கள்.

காடும் மலையும் எதற்கு?

நான்கு சுவருக்குள்ளும் மௌனமாக இருக்கலாமே, இயற்கை ஏன்? இதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் காப்ளான், ஸ்டீஃபன் காப்ளான் இருவரும் 1980-களில் விரித்துரைத்தது. கவனம் இரண்டு வகை என்றார்கள் அவர்கள். கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, கூட்டத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்பது ஆகியவற்றுக்கு நாம் முயன்று கவனத்தைச் செலுத்த வேண்டும், இடையில் புகுவதையெல்லாம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இது களைக்கும். மேகம் நகர்வது, இலை அசைவது, தண்ணீர் ஓடுவது ஆகியவை நம்மிடம் எதையும் கேட்காமலே கவனத்தை மெல்ல ஈர்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் முதல் வகைக் கவனம் உழவு ஓய்ந்து தரிசாகக் கிடக்கும் நிலம்போல் தன் சத்தை மீட்டுக்கொள்கிறது. கண்ணைக் கவரும் திரைப்படமும் ஈர்க்கத்தான் செய்கிறது, ஆனால் அது மனத்தில் வேறு எதற்கும் இடம் விடுவதில்லை. இலை அசைவது இடம் விடுகிறது. சொந்த யோசனைகள் தாமாக அடுக்கிக்கொள்ள அந்த இடம் வேண்டும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரை 90 நிமிடம் புல்வெளியும் மரங்களும் உள்ள பகுதியிலும், வேறு சிலரைப் போக்குவரத்து நிறைந்த சாலையோரத்திலும் நடக்கவைத்தார்கள். இயற்கையில் நடந்தவர்களிடம், தன்னைப் பற்றிய கசப்பான எண்ணங்களைத் திரும்பத் திரும்ப உருட்டும் பழக்கம் குறைந்திருந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப்பகுதியின் இயக்கமும் குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2019-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவல்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. ஒரே தடவையாகப் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசம் தெரியவில்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வியை இந்த வகை ஆய்வு முழுதாகத் தீர்க்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் அரசின் வனத்துறை 1982-இல் 'ஷின்ரின் யோகு', அதாவது வனக்குளியல், என்ற பழக்கத்தை அறிமுகப்படுத்தியது. காட்டில் இரண்டு மணி நேரம் மிக மெதுவாக நடப்பது, நிற்பது, முகர்வது, தொடுவது, கேட்பது. உச்சியை எட்டவேண்டும் என்ற இலக்கு கிடையாது. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட எளிய வாசல் இல்லை.

மறுமுனையில் இருப்பது தனித்தங்கல். வேல்ஸ் நாட்டில் 1941-இல் கர்ட் ஹான் முதலியோர் தொடங்கிய 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற வெளிக்களப் பள்ளியின் நீண்ட பயணங்களில், பங்கேற்பவர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓரிரு நாள்வரை தனியாக இருக்கும் பகுதி ஒன்று உண்டு. பொறுப்பாளர்கள் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்வார்கள். பேச ஆளில்லாமல் ஒரு பகலும் இரவும் கழிப்பது சாதாரண அனுபவம் இல்லை.

வட அமெரிக்காவின் லகோட்டா முதலிய தொல்குடிகளிடம், பெரியவர்களின் வழிகாட்டுதலில் மலையில் தனித்திருந்து உண்ணாமல் ஓர் ஆன்மிகக் காட்சிக்காகக் காத்திருக்கும் சடங்கு உண்டு. இதைப் பெயர் மாற்றி, கட்டணம் வைத்து நடத்தும் முகாம்கள் பெருகிவிட்டன. 1993-இல் லகோட்டா மக்கள் தங்கள் ஆன்மிகத்தைச் சுரண்டுவோருக்கு எதிராக வெளிப்படையான கண்டனப் பிரகடனமே வெளியிட்டார்கள். ஒரு மக்களின் சடங்கை அவர்கள் மறுக்கும்போதும் எடுத்துக்கொண்டு அதனால் நாம் வளர்வதாகச் சொல்லிக்கொள்வது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. தனித்திருக்க எந்த இனத்தின் சடங்கையும் கடன் வாங்கத் தேவையில்லை.

எல்லோருக்கும் ஏற்றதா?

இல்லை. இதை மழுப்பாமல் சொல்லியாக வேண்டும்.

தீவிரத் தியானம் சிலருக்குப் பயத்தையும் தூக்கமின்மையையும், தன்னையே அந்நியமாக உணரும் நிலையையும் கிளப்பிவிடுகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லபி பிரிட்டன், ஜேரட் லிண்டால் முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிப்பட்ட சிக்கல்களைச் சந்தித்த தியானிகளிடம் விரிவாகப் பேசி அவற்றை வகைப்படுத்தியது. அவர்களில் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களும் இருந்தார்கள். மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், அண்மையில் பெரிய இழப்பையோ வன்முறையையோ சந்தித்தவர்கள் நீண்ட மௌன முகாமுக்குப் பதிவு செய்யும் முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்திவிட்டுப் போகவே கூடாது. விண்ணப்பத்தில் உண்மையை மறைப்பதும் ஆபத்து. நல்ல மையம் உங்கள் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்டே தீரும். கேட்காத இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

2009-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த சுயமுன்னேற்ற முகாம் ஒன்றில், வெப்பம் மூட்டிய மூடிய கூடாரத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை உட்காரவைத்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். நடத்தியவர் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகச் சிறை சென்றார். உள்ளே சிலர் மயங்கியும்கூட, தாங்கிக்கொள்வதுதான் வளர்ச்சி என்ற நம்பிக்கை பலரை எழுந்து போகவிடவில்லை. ஆகவே எந்த முகாமானாலும் போகுமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி: நடுவில் கிளம்ப வேண்டும் என்றால் கிளம்பலாமா? விபாசனா போன்ற முகாம்களில் முழுவதும் இருப்பதாக ஒப்புக்கொண்டுதான் சேர வேண்டும், அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் ஒப்புக்கொள்வது வேறு, கதவைப் பூட்டுவது வேறு. ஆசிரியர் தன்னைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக வைத்துக்கொள்கிறாரா, அடுத்த நிலை என்று சொல்லிப் பணம் ஏறிக்கொண்டே போகிறதா, குடும்பத்தைத் துண்டிக்கச் சொல்கிறாரா என்பதையும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடலாம்.

காட்டுக்குள் போகிறவர்களுக்கு ஆபத்து வேறு விதம். எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வானிலையைப் பாருங்கள், வனத்துறை அனுமதி தேவையா என்று கேளுங்கள். கைபேசியை விலக்கிவைக்க வேண்டும் என்பதற்காக அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டாம். அணைத்துப் பையின் அடியில் போட்டால் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், அரை நாள் என்பேன். பேச்சும் திரையும் இல்லாத அரை நாள், மரங்கள் உள்ள ஓரிடத்தில். அது முடிந்தால் ஒரு முழு நாள். பிறகு இரவு தங்கும் இரண்டு மூன்று நாள் முகாம். எடுத்த எடுப்பில் பத்து நாளில் குதித்துச் சமாளித்தவர்களும் உண்டு, ஆனாலும் படிப்படியாகப் போகிறவருக்கு உள்ளே வரும் சலிப்பும் பயமும் முன்பே பழகியிருக்கும். போகும் முன் ஒரு தாளில், எதற்காகப் போகிறேன் என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காரணம் உள்ளே மாறிவிடலாம். மாறியதைத் தெரிந்துகொள்ளவும் அந்தத் தாள் வேண்டும்.

திரும்பி வருதல்

பிரெஞ்சு மானிடவியலாளர் அர்னால்ட் வான் ஜெனப் 1909-இல், உலகெங்கும் உள்ள வாழ்க்கைச் சடங்குகளை ஆராய்ந்து அவற்றில் மூன்று கட்டங்களைக் கண்டார்: பிரிதல், பழையதற்கும் புதியதற்கும் நடுவே வாசற்படியில் நிற்றல், மீண்டும் சேர்தல். ரிட்ரீட்டும் அப்படித்தான். ஆனால் இன்று நாம் பணமும் விடுமுறையும் திட்டமும் எல்லாவற்றையும் நடுக்கட்டத்துக்கே செலவழிக்கிறோம். ஞாயிறு இரவு வந்திறங்கி, திங்கள் காலை வேலைக்குப் போய், புதன்கிழமைக்குள் பழைய ஆளாகிவிட்டு, அது வேலை செய்யவில்லை என்கிறோம். இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் மூன்றாம் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகாமில் கழித்ததில் எதெல்லாம் வீட்டிலும் கழிந்தே இருக்கலாம் என்று தீர்மானிப்பது அங்கேதான் நடக்கிறது.

திரும்பிய முதல் சில நாள் சத்தம் அதிகமாகக் கேட்கும், கடைத்தெரு மலைக்கவைக்கும், வீட்டில் இருப்பவர்கள் பொறுமையில்லாதவர்களாகத் தெரிவார்கள். அவர்கள் மாறவில்லை, உங்கள் காது மாறியிருக்கிறது. முடிந்தால் முகாமுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகள் அந்த வாரத்தில் மிகத் தெளிவாகத் தோன்றும். ஒரு மாதம் ஒத்திப்போடுங்கள். உண்மையான தெளிவு ஒரு மாதத்தில் அழியாது. பார்ப்பவர்களிடமெல்லாம் அனுபவத்தை விவரிக்கவும் அவசரப்பட வேண்டாம். நாலு தடவை சொன்னால் அது கதையாகிவிடும், பிறகு கதைதான் நினைவில் நிற்கும்.

தொடர்ச்சிக்கு ஒவ்வொரு மரபும் ஒரு வழி வைத்திருக்கிறது. விபாசனாவில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். அது முடியாதவர் இருபது நிமிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டால்கூட நல்லது. இக்னேஷியஸின் முறையில் வீட்டை விட்டுப் போகவே முடியாதவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது. அந்த முப்பது நாள் பயிற்சியையே அன்றாட வேலையோடு தினம் ஒரு மணி நேரம் என்று பிரித்து, ஒரு வழிகாட்டியைச் சந்தித்துக்கொண்டே பல மாதம் செய்யலாம். கைக்குழந்தை உள்ளவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், விடுமுறை கிடைக்காதவர்கள் தங்களுக்கு இந்த வாய்ப்பே இல்லை என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டாம்.

பௌத்தத் துறவிகளின் மழைக்கால வாசம் முடியும் நாளில் 'பவாரணை' என்று ஒன்று நடக்கும். மூன்று மாதம் சேர்ந்து வாழ்ந்த ஒவ்வொருவரும் மற்றவர்கள்முன் அமர்ந்து, என்னிடம் பார்த்த, கேட்ட, சந்தேகித்த குறை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வார். மூத்தவரும் கேட்க வேண்டும். நீங்கள் முகாமிலிருந்து திரும்பி இரண்டு மாதம் ஆனதும் உங்களோடு வாழும் ஒருவரிடம் இதையே கேட்டுப் பாருங்கள்: "போய் வந்த பிறகு என்னிடம் என்ன மாறியிருக்கிறது? எது மாறவேயில்லை?" பதில் வரும்போது குறுக்கே விளக்கம் சொல்லாமல் கேளுங்கள்.